அத்தையின் மாத்திரையில் மணல்: சிலிக்கா நானோ துகள்கள் பற்றி ஒரு நீண்ட குறிப்பு

இரண்டு மாதத்துக்கு முன்னால் அத்தையிடமிருந்து போன். வழக்கமான நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஏன் தம்பி, மாத்திரையில மணலைக் கலக்குறாங்களாமே, நிஜமா?"

அமெரிக்காவில் இருக்கும் மகள் அனுப்பிய வைட்டமின் டப்பாவை பேரன் எடுத்துப் படித்திருக்கிறான். லேபிளில் கடைசியாக 'சிலிக்கான் டைஆக்சைடு' என்று இருந்திருக்கிறது. அவன் கூகிளில் தேட, அது மணல் என்று வந்திருக்கிறது. கூடவே 'சிலிக்கோசிஸ்' என்ற வார்த்தையும். அந்த வார்த்தை அத்தைக்குப் புதிதில்லை. மாமா கல் குவாரியிலும் பிறகு கிரஷரிலும் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மூச்சு வாங்கி, மெலிந்து, ஐம்பத்து நாலு வயதில் போனார். பல வருடம் டிபி என்றே மருந்து கொடுத்தார்கள். கடைசி வருடத்தில்தான் ஒரு டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்து, இது கல் தூசு வியாதி என்றார்.

அத்தை வைட்டமினை மட்டும் நிறுத்தவில்லை. பிபி மாத்திரையையும் நிறுத்திவிட்டார். "எல்லா மாத்திரையிலயும் போடுறாங்களாம். உங்க மாமாவைக் கொன்னதும் அதுதானே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை, முதல்ல பிபி மாத்திரையைப் போடுங்க" என்று சொல்லி வைத்தேன். அவர் நம்பவில்லை. யோசித்துப் பார்த்தால், நான் சொன்ன விதத்தில் நம்புவதற்கு என்ன இருந்தது? எனக்கே முழுசாகத் தெரியாது. அதனால் அடுத்து வந்த வார இறுதிகளில் உட்கார்ந்து படித்தேன். நான் மருத்துவரோ வேதியியல் படித்தவனோ இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். படித்ததில் எனக்கு உறுதியாகப் புரிந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கற்கண்டும் பஞ்சுமிட்டாயும்

சிலிக்கா என்றால் ஒரு சிலிக்கான் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் அமைந்த பொருள். ஆற்று மணல், கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ், செருப்பு டப்பாவுக்குள் போட்டு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம், பற்பசையில் பல்லைத் தேய்க்கும் பொடி, நெல் உமியின் சாம்பல், எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். நெல் தாளின் ஓரம் கையை அறுப்பதும் இதனால்தான். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையிலும் உமியிலும் சேர்த்து வைக்கிறது.

ஆனால் பெயர் ஒன்று என்பதற்காகப் பொருள் ஒன்று ஆகிவிடாது. கற்கண்டும் சர்க்கரைதான், பஞ்சுமிட்டாயும் சர்க்கரைதான். கற்கண்டில் சர்க்கரை மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் அடுக்கி நிற்கின்றன. பஞ்சுமிட்டாயில் உருக்கிச் சுழற்றிச் சட்டென்று ஆறவிடுவதால், அடுக்க நேரமில்லாமல் கலைந்த நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. வாயில் போட்டால் எது சீக்கிரம் கரையும் என்று குழந்தைக்கும் தெரியும்.

சிலிக்காவிலும் அதே கதை. குவார்ட்ஸ், கிறிஸ்டோபலைட் போன்றவை படிக சிலிக்கா, அதாவது கற்கண்டு. மாத்திரையிலும் பற்பசையிலும் இருப்பது படிகமற்ற சிலிக்கா, பஞ்சுமிட்டாய். குவார்ட்ஸ் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 மில்லிகிராம்தான் கரையும், அதுவும் மிக மெதுவாக. படிகமற்றது 100 மில்லிகிராமுக்கு மேல் கரையும். கரைந்தால் சிலிசிக் அமிலம் என்ற சின்ன மூலக்கூறாகி சிறுநீரில் போய்விடும். நாம் குடிக்கும் தண்ணீரிலும் சாப்பிடும் சோற்றிலும் இந்த சிலிசிக் அமிலம் ஏற்கெனவே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை (ஐஏஆர்சி) 1997ல் இரண்டையும் தனித்தனியாகத்தான் வகைப்படுத்தியது. தொழிலிடங்களில் மூச்சில் போகும் படிக சிலிக்கா முதல் வகுப்பு: மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி. படிகமற்றது மூன்றாம் வகுப்பு: இருக்கும் ஆதாரத்தை வைத்து அப்படி வகைப்படுத்த முடியாது. மூன்றாம் வகுப்பு என்றால் பரிபூரண நற்சான்றிதழ் என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமாவின் நுரையீரலில் நடந்தது

கல்லை உடைக்கும்போது கண்ணில் படும் தூசு பெரிய ஆபத்தில்லை. மூக்கும் தொண்டையும் அதைப் பிடித்துவிடும். கண்ணுக்கே தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைவரை போகிறது.

அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல், கிருமியை விழுங்குவது மாதிரியே குவார்ட்ஸ் துகளையும் விழுங்குகிறது. விழுங்கியதை லைசோசோம் என்ற செரிமானப் பைக்குள் தள்ளுகிறது. குவார்ட்ஸ் செரிக்காது. மாறாக, அந்தப் பையின் சவ்வையே சிதைக்கிறது. பை கிழிந்தால் செல்லுக்குள் ஒரு அபாய மணி அடிக்கும். அதற்கு என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்று பெயர். சிலிக்கா படிகங்கள் இந்த மணியை அடிப்பது 2008ல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது. அழற்சி கிளம்புகிறது, செல் செத்துப்போகிறது, துகள் மறுபடி வெளியே வருகிறது. அடுத்த மேக்ரோஃபேஜ் வந்து அதே துகளை விழுங்குகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் முடிவே இல்லாத லூப். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தழும்பு. வேலையை விட்ட பிறகும் நோய் வளர்வதற்குக் காரணம் இதுதான். மாமா கிரஷரை விட்டு நான்கு வருடம் கழித்துத்தான் படுக்கையில் விழுந்தார்.

குவார்ட்ஸ் ஏன் சவ்வைச் சிதைக்கிறது? கரையாதது ஒரு காரணம். இன்னொன்று அதன் மேற்பரப்பு. சிலிக்காவின் மேல் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிலனால் என்ற குழுக்கள் முளைத்திருக்கும். 2020ல் வந்த ஓர் ஆய்வு, ஒன்றோடொன்று முழுசாகப் பிணையாமல் ஏறக்குறைய தனித்து நிற்கும் சிலனால்களே சவ்வைத் தாக்கும் பிரதான குற்றவாளி என்று காட்டியது. கல்லை உடைக்கும்போது உருவாகும் புதிய முகங்களில் இவை அதிகம். அப்போதுதான் உடைந்த தூசு பழைய தூசைவிட மோசம் என்று தொழில் மருத்துவர்கள் நெடுநாளாகச் சொன்னதற்கு வேதியியல் காரணம் கிடைத்தது. இதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு: படிகமற்ற சிலிக்காவிலும் இந்தக் குழுக்கள் இருக்கலாம். அதனால் "படிகம் கெட்டது, மற்றதெல்லாம் நல்லது" என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது.

மாத்திரைக்குள் இதற்கு என்ன வேலை

மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைப்போமே, ஏறக்குறைய அந்த வேலைதான். மாத்திரை அடிக்கும் இயந்திரத்தில் பொடி கட்டியாகாமல் வழுக்கிக்கொண்டு ஓடினால்தான் ஒவ்வொரு மாத்திரையிலும் மருந்து ஒரே அளவில் விழும். அதற்காக மிகச் சிறிய அளவு, பெரும்பாலும் எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே, சிலிக்கா சேர்க்கிறார்கள். மசாலாப் பொடி பாக்கெட்டில் 'ஐஎன்எஸ் 551' என்று இருந்தால் அதுவும் இதுதான்.

இது ஆற்று மணலை அரைத்து எடுப்பதில்லை. சிலிக்கான் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தின் ஆவியை ஹைட்ரஜன் சுடரில் எரித்து எடுப்பது ஒரு முறை. ஜெர்மனியின் டெகுசா நிறுவனம் 1940களில் இதைக் கொண்டுவந்தது. சுடரில் பிறந்த துளிகள் கணநேரத்தில் ஆறுவதால் படிகமாக அடுக்க நேரமில்லை. பஞ்சுமிட்டாய்! ஆரம்பத் துகள்கள் 5 முதல் 50 நானோமீட்டர்வரை. தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். ஆனால் அவை தனித்தனியாக இருக்காது, ஒன்றோடொன்று உருகி ஒட்டிச் சங்கிலி சங்கிலியாக இருக்கும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்சா) 2018ல் இதை மறுபரிசீலனை செய்தது. சாப்பிடும் அளவில் தீங்குக்கான அறிகுறி தெரியவில்லை என்றது. அதே சமயம், நானோ அளவுத் துகள்களை வைத்து நீண்டகால ஆய்வு போதவில்லை, துகள் அளவை விவரிக்கும் தர விதிமுறையும் சரியில்லை என்று கையைத் தூக்கியது. கூடுதல் தரவு கேட்டு, 2024ல் மறுபடி பார்த்து, இப்போது பயன்படுத்தும் அளவுகளில் எந்த வயதினருக்கும் பாதுகாப்புக் கவலை இல்லை என்று முடிவுசெய்தது. எனக்கு நம்பிக்கை தந்தது 2024 முடிவைவிட 2018ன் தயக்கம்தான். தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைத்து, ஆறு வருடம் கழித்து வந்து பதில் சொல்லியிருக்கிறார்கள்.

துளை போட்ட பந்து

இதுவரை பார்த்தது சாதாரண சிலிக்கா. மருத்துவ ஆராய்ச்சியில் ஓடிக்கொண்டிருப்பது வேறு ரகம்.

1968ல் ஸ்டோபர், ஃபிங்க், போன் என்ற மூன்று பேர் ஆல்கஹால், அம்மோனியா, கொஞ்சம் தண்ணீர், டிஇஓஎஸ் என்ற சிலிக்கான் சேர்மம் ஆகியவற்றைக் கலந்து, ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகளைச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். இன்றுவரை அடிப்படைச் சமையல் குறிப்பு அதுதான்.

1992ல் மொபில் எண்ணெய் நிறுவன விஞ்ஞானிகள் எம்சிஎம்-41 என்ற பொருளை அறிவித்தார்கள். மனக்கண்ணில் பாருங்கள்: பென்சில்களைக் கட்டாக அடுக்கி, இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றி, காய்ந்ததும் பென்சில்களை மட்டும் எரித்துவிட்டால் என்ன மிஞ்சும்? தேன்கூடு மாதிரி நீள நீளமான துளைகள். இங்கே பென்சிலுக்குப் பதில் சோப்பு போன்ற மூலக்கூறுகள் தாமாகச் சேர்ந்த குச்சிகள், சிமென்டுக்குப் பதில் சிலிக்கா. துளையின் அகலம் சில நானோமீட்டர். ஒரே ஒரு கிராம் பொடிக்குள் இருக்கும் மேற்பரப்பு 1000 சதுர மீட்டரைத் தொடும். நம்ம ஊர்க் கணக்கில் நாலரை கிரவுண்ட் மனை!

எண்ணெய் சுத்திகரிப்புக்கு வினையூக்கியாகக் கண்டுபிடித்தது. மாட்ரிட்டில் மரியா வாலெட்-ரெகி குழு 2001ல் அந்தத் துளைகளுக்குள் ஐபுபுரோஃபென் வலி மருந்தை அடைத்து, அது மெதுவாக வெளியே கசிவதைக் காட்டியது. 2003ல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விக்டர் லின் குழு துளை வாய்களுக்கு மூடி போட்டது. மூடியைப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்பு, செல்லுக்குள் இருப்பது போன்ற வேதிச் சூழலில் மட்டும் அறுபடும். அதாவது வழியில் சிந்தாமல், போய்ச் சேர்ந்த பிறகு திறக்கும் டிபன் கேரியர். அந்த முதல் மூடி காட்மியம் சல்ஃபைடு. உடம்புக்குள் யாரும் காட்மியத்தை அனுப்ப மாட்டார்கள், யோசனைதான் முக்கியம். பிறகு வேறு பாதுகாப்பான மூடிகள் வந்தன.

மனிதர்வரை போனவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் வீஸ்னர் குழு செய்த 'சி டாட்'. ஒளிரும் சாயத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் சிலிக்கா, அதன்மேல் வழவழப்பான பாலிமர் பூச்சு. 2011ல் அமெரிக்க எஃப்டிஏ மனிதரில் சோதிக்க அனுமதி கொடுத்தது. பரவிய மெலனோமா புற்றுநோய் உள்ள 5 பேருக்கு ஊசி வழியாகச் செலுத்திய முடிவுகள் 2014ல் வெளிவந்தன. துகளின் அளவு 6 - 7 நானோமீட்டர். இந்த எண் தற்செயல் இல்லை. சிறுநீரகத்தின் வடிகட்டி ஏறக்குறைய 6 நானோமீட்டர்வரைதான் சுலபமாக விடும். அந்த ஐந்து பேரிலும் துகள் சிறுநீர் வழியாக வெளியேறியது, துகளால் ஏற்பட்டது என்று சொல்லும்படியான தீங்கு எதுவும் தெரியவில்லை. ஐந்து பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை, அதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் உருவாக்கிய நானோஷெல். சிலிக்கா உருண்டைக்குத் தங்க முலாம். அண்மை அகச்சிவப்பு லேசர் பட்டால் தங்கம் சூடாகி, பக்கத்தில் இருக்கும் புற்றுத் திசுவை மட்டும் வேகவைக்கும். புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள 16 பேரில் செய்த ஆரம்ப முடிவுகள் 2019ல் வந்தன.

உடம்புக்கு வெளியே நடக்கும் பயன் இதையெல்லாம்விடப் பெரியது. 1990ல் நெதர்லாந்தின் ரெனே பூம் குழு ஒரு முறையை வெளியிட்டது. ஒருவகை உப்பு நிறைந்த கரைசலில் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டும் சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும். அழுக்கைக் கழுவிவிட்டு உப்பில்லாத தண்ணீர் விட்டால் பிரிந்து வந்துவிடும். கோவிட் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்ததிலிருந்து வைரஸின் ஆர்என்ஏவைப் பிரிக்கப் பல ஆய்வகங்களில் உதவியது இந்தக் குணம்தான். காந்தத்தால் இழுக்க வசதியாக சிலிக்கா பூசிய நுண்மணிகளையும் பயன்படுத்தினார்கள்.

சரி, பாதுகாப்பானதா?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் தேடினால் குழம்பித்தான் போவோம். நான் குழம்பினேன். பிறகு நாலு கேள்வியாக உடைத்துக்கொண்டேன்.

1. எந்த வழியாகப் போகிறது? சாப்பிட்டால் பெரும்பகுதி குடலைத் தாண்டாமல் வெளியே போகிறது. மூச்சில் போனால் கதை வேறு. எலிகளில் படிகமற்ற சிலிக்காவும் மூச்சில் போகும்போது அழற்சி உண்டாக்குகிறது. நிறுத்தினால் அது பெரும்பாலும் அடங்குகிறது, குவார்ட்ஸில் அடங்காமல் வளர்கிறது. மாத்திரையை விழுங்குபவர் வேறு, அந்தப் பொடி மூட்டையை இயந்திரத்தில் கொட்டும் தொழிலாளி வேறு. அவருக்கு முகக்கவசம் வேண்டும்.

2. எவ்வளவு பெரியது? ரத்தத்தில் நேரடியாகச் செலுத்தினால், சிறுநீரக வடிகட்டியைத் தாண்ட முடியாத துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கும். கரைந்து வெளியேற எத்தனை நாள் ஆகிறது என்பதே அங்கே கேள்வி.

3. மேலே என்ன பூசியிருக்கிறது? பூச்சில்லாத சிலிக்கா சிவப்பணுக்களை உடைக்கும். பாலிமர் பூசினால் அது வெகுவாகக் குறையும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்ட ஒன்று என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. கர்ப்பமான சுண்டெலிகளுக்கு 70 நானோமீட்டர் சிலிக்காவை ரத்தத்தில் செலுத்தினால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவைப் பாதித்தது. 300, 1000 நானோமீட்டர் துகள்கள் அப்படிச் செய்யவில்லை. அதே 70 நானோமீட்டர் துகளின் மேற்பரப்பை வேதியியல் முறையில் மாற்றியதும் பாதிப்பு காணாமல் போனது! பொருளும் அளவும் ஒன்றே, மேல்தோல் மட்டும் வேறு.

4. எவ்வளவு, எத்தனை நாள்? கிரஷரில் இருபது வருடம் தினமும் எட்டு மணி நேரம் என்பதும், நோயைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு ஊசி என்பதும் ஒப்பிடவே முடியாதவை.

இந்த நாலுக்கும் பதில் இல்லாமல் 'நானோ ஆபத்து' என்று பயமுறுத்துவதும், 'சிலிக்கா இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்று விற்பதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள்.

மறுபடி அத்தை வீட்டில்

இதை போனில் சொல்ல முடியாது என்று நேரிலேயே போனேன். கற்கண்டும் பஞ்சுமிட்டாயும் வாங்கிக்கொண்டு போய், இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். பஞ்சுமிட்டாய் தொட்டதும் மறைந்தது. கற்கண்டு அடியில் கிடந்தது. சமாதானமாகத் தலையாட்டினார். பிபி பார்த்தபோது மேலே 170ஐத் தாண்டியிருந்தது. அன்றைக்கே அவருடைய டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று. மாத்திரை பற்றி சந்தேகம் வந்தால் தானாக நிறுத்தாமல் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

கிளம்பும்போது அத்தை ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு சின்ன மாத்திரைக்குள்ள இருக்கிற துளி பொடிக்கு ஐரோப்பாவுல ஆறு வருஷம் உக்காந்து கணக்குப் பார்த்திருக்காங்க. உங்க மாமா தின்ன தூசிக்கு யாரு தம்பி கணக்குப் பார்த்தது?"

என்னிடம் பதில் இல்லை. விதி இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி சிலிக்கோசிஸ் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இருந்தது. ஆனால் மாமாவின் ஃபைலில் டிபி என்று இருந்ததால் அறிவிப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை. வேலை செய்ததற்கான சீட்டும் அந்த முதலாளி கொடுக்கவில்லை. கல் உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்தாலே தூசு பெருமளவு அடங்கிவிடும். நானோ தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம், ஒரு குழாயும் ஒரு மோட்டாரும் போதும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ கல் குவாரி, கிரஷர், கிரானைட் அறுக்கும் பட்டறை, டைல்ஸ் வெட்டும் வேலை பார்த்தவர் யாருக்காவது விடாத இருமலும் மூச்சிரைப்பும் இருந்தால், அதுவும் டிபி மருந்து சாப்பிட்டும் சரியாகவில்லை என்றால், டாக்டரிடம் என்ன வேலை பார்த்தார் என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.